ராஜா பாடும்போது ராணிக்கு என்ன வேலை?

திலகராணிக்குக் காலையிலிருந்தே ஒரே பயம். இருக்காதா பின்னே? மதுரைச் சுற்றுவட்டாரத்தில் அவள் ஏறாத மேடை இல்லை, வயதும் நாற்பதைத் தாண்டிவிட்டது. ஆனால் ஒரு இசை நாடகத்தை முழுசாகப் பாடிப் பதிவு செய்வது இதுதான் முதல் தடவை. ராணி வேஷம் அவளுக்கு. ராஜாவாகப் பாடும் சோலைமலைக்கோ மறுநாள் தொண்டையில் ஆபரேஷன். அதற்கப்புறம் குரல் திரும்புமா என்று டாக்டராலேயே உறுதி சொல்ல முடியவில்லை.

மிச்சமிருந்தது ஒரே காட்சி. தூக்குமேடைக்குப் போகும் ராஜா, ராணியிடம் விடைபெறும் காட்சி.

அவளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்த சங்கிலி வாத்தியார் ஒலிப்பதிவு அறையின் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து சுக்குக் காப்பி குடித்துக்கொண்டிருந்தார். நேரே அவரிடம் போய் நின்றாள்.

“வாத்தியாரே, இதே நாடகத்தை எத்தனையோ பேர் பாடிப் பிளேட்டுப் போட்டிருக்காங்க. ஆனா உங்க குரு பாடின பழைய பிளேட்டைத்தான் ஜனங்க இன்னைக்கும் தேடித் தேடிக் கேக்குறாங்க. அதுல அப்படி என்னதான் இருக்கு?”

“போய்ப் பாடு தாயி.”

“சொன்னா அதை மனசுல வச்சுப் பாடுவேன்ல?”

“அதுக்குத்தான் சொல்லலை.”

இந்த மனுஷனிடம் போய்க் கேட்டோமே என்று தன்னையே நொந்துகொண்டு உள்ளே போனாள்.

பாடினார்கள். சுருதி துளிகூட விலகவில்லை. வரியைத் தொடங்குகிற எடுப்பெல்லாம் தாளத்தில் கச்சிதமாக விழுந்தது. அப்பாடா என்று வெளியே வந்தாள். சோலைமலை தொண்டையைப் பிடித்துக்கொண்டு வெந்நீர் குடித்தார்.

வாத்தியார் ஒலிப்பதிவு செய்கிற பையனைத் திரும்பிப் பார்த்தார். “ராணி மைக்கை மட்டும் போடுப்பா. ராஜா பாடுற இடம்.”

சோலைமலையின் குரல் எங்கேயோ தூரத்தில் கேட்டது. அதற்கு மேலே, காதோரத்தில் கேட்பதுபோல ஒரு முணுமுணுப்பு. தொடையில் விரல் தட்டுகிற சத்தம். அடுத்து வரப்போகும் தன் வரியை ஒரு பெண் வாய்க்குள்ளேயே பாடிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

திலகராணிக்கு முகம் செத்துப்போனது. “ஐயையோ! எடுப்பு தவறிடக் கூடாதேன்னு பயத்துல... தம்பி, இதை எடுத்துட முடியாதா?”

“எடுத்துடலாம்க்கா. ஒண்ணுமே தெரியாது.”

போன உயிர் திரும்பி வந்தது அவளுக்கு. வாத்தியார் டம்ளரைக் கீழே வைத்தார்.

“சத்தத்தை எடுத்துருவான். புருஷன் சாகப் போறப்ப நீ ஒத்திகை பாத்துக்கிட்டு இருந்தியே, அதை யாரு எடுக்குறது?”

கன்னத்தில் அறைந்தாற்போல் இருந்தது.

சோலைமலைதான் எழுந்தார். “வா, இன்னொரு தடவை பாடிருவோம்.”

“வேணாம்ணே. தொண்டை என்னத்துக்கு ஆகும்?”

“நாளைக்கு அதை வச்சுக்கிட்டு நான் என்ன செய்யப் போறேன்? வா.”

இந்தத் தடவை அவள் இரண்டு கையையும் கோத்துக்கொண்டு அவரையே பார்த்து நின்றாள். அவர் பாடினார். பாட்டில் ராணியை நாளைக்கும் வாசலில் விளக்கேற்றச் சொன்னார். பிள்ளை கேட்டால் வேட்டைக்குப் போயிருப்பதாகச் சொல்லச் சொன்னார். கடைசி வரியில் குரல் கம்மி, நூலாக இழுத்து, நின்றே போனது. அடப்பாவமே, இந்த மனுஷன் இனிப் பாடுவாரோ மாட்டாரோ என்று நினைத்தாள். அந்த நினைப்பில் அவளுடைய எடுப்பு வந்து கடந்துபோனது. ஆர்மோனியக்காரர் பதறிப்போய் அவளைப் பார்த்தார். ஒரே சுரத்தை விடாமல் அழுத்திப் பிடித்தார். தாளம் இன்னொரு சுற்று முழுசாகச் சுற்றி வந்த பிறகுதான் அவளுக்கு வாயே திறந்தது. அதுவும் நடுங்கிக்கொண்டு.

பாடி முடித்ததும் சோலைமலை பேச வராமல் கையை மட்டும் விரித்துக் காட்டினார். இனி ஒரு வரிகூட முடியாது.

திலகராணி ஓடி வந்து வாத்தியார் முன்னால் தரையிலேயே உட்கார்ந்து அழுதாள்.

“கெடுத்துட்டேன் வாத்தியாரே. ஒரு சுத்து முழுசாப் பிந்திட்டேன். அண்ணனோட கடைசிப் பாட்டைப் பாழாக்கிட்டேன்.”

வாத்தியார் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“புருஷனைத் தூக்குக்குக் கூட்டிட்டுப் போறாங்க. அவ எதுக்கு தாயி தாளத்துக்குச் சரியா வரணும்?”