மூட்டை கட்டிய மூச்சு

சிரிக்காமல் கேட்பதென்றால் சொல்கிறேன். ஆரணிப் பக்கத்து ஆட்கள் மூன்று பேர் வடதுருவத்தை ஒட்டிய ஒரு சுரங்கத்துக்குச் சமையல் வேலைக்குப் போனார்கள். பூஜ்யத்துக்குக் கீழே ஐம்பது டிகிரி. மூக்கைச் சிந்தினால் தரையில் டொக்கென்று விழும். அப்பேர்ப்பட்ட ஊர்!

மூவரில் இளையவன் கன்னியப்பனுக்குத் தை பத்தாம் தேதி கல்யாணம். அந்த ஊருக்கோ வாரத்துக்கு ஒரே விமானம். நாளைக்கு வருவதை விட்டால் ஊரில் தாலி கட்ட ஆள் இருக்காது. பாழாய்ப்போன பனிமூட்டம் நாலு நாளாக அப்பிக்கொண்டு நின்றது. கன்னியப்பன் அழுதே விட்டான். கண்ணீர் உறைந்து இமை ஒட்டிக்கொள்ள, வெந்நீர் ஒத்தடம் கொடுத்துப் பிரித்தார்கள்.

முகாம் அதிகாரி விளக்கினார்: "இது மேகமில்ல. நீங்க விடுற மூச்சும் அடுப்பு ஆவியும்தான் இந்தக் குளிர்ல உறைஞ்சு அப்படியே நிக்குது. அது கலைஞ்சாதான் விமானம் இறங்கும்."

மூவரும் கூடிப் பேசினார்கள்.

"மொதல்ல இட்லி அவிக்கிறதை நிறுத்து," என்றார் தலைமைச் சமையல்காரர் மாசிலாமணி. அன்று சுரங்கக்காரர்களுக்கு மாவை அப்படியே டம்ளரில் ஊற்றிக் கொடுத்தார்கள். அவர்களும், பாவம், இரண்டாவது டம்ளர் கேட்டு வாங்கிக் குடித்தார்கள்.

"மூச்சு, மாஸ்டர்?" என்றான் கன்னியப்பன்.

"அதையும் நிறுத்து." மாசிலாமணியே நிறுத்திக் காட்டினார். முப்பது எண்ணுவதற்குள் சாம்பார் அண்டாமேல் சாய்ந்தார்.

மூன்றாவது ஆள் ஏகாம்பரம் கொஞ்சம் விவரமானவன். "மாஸ்டர், மூச்சை இழுக்கிறதுல தப்பே இல்ல. விடுறதுலதான் வில்லங்கம். அதைச் சாக்குல விட்டா என்ன?"

"அடப்பாவி! இந்த மூளையை வச்சுக்கிட்டா இத்தனை நாள் வெங்காயம் உரிச்சே?"

ஆளுக்கொரு அரிசிச் சாக்கில் தலையை விட்டு ஊதினார்கள். ஊதி முடித்ததும் சாக்கின் வாயை இறுக்கிக் கட்டி, யார் மூச்சு என்று குழப்பம் வராமல் பேரும் எழுதினார்கள்.

காலையில் ஒரு காற்று அடித்தது, மூட்டம் கலைந்தது. காற்றை யார் கண்டுகொண்டார்கள்? மூவரும் மூட்டைகளைத் தொட்டுக் கும்பிட்டார்கள்.

குட்டி விமானம் இறங்கியது. ஒரே ஒரு இடம் காலி. பெட்டியோடு படியில் கால் வைத்த கன்னியப்பன் சட்டென்று நின்றான்.

"மாஸ்டர், மூட்டையெல்லாம் எங்க இருக்கும்?"

"இங்கதான்."

"எலி கடிச்சு ஒண்ணு அவுந்தாலும் மறுபடி மூட்டம்தானே? விமானமே வராதே! அப்புறம் நான் எப்படிக் கல்யாணத்துக்குப் போறது?"

மாசிலாமணிக்குக் கண் கலங்கியது. "கல்யாணம்னதும் என்னமா பொறுப்பு வந்துடுச்சு பாரு!"

மூன்று மூட்டைகளையும் அந்த இருக்கையில் அடுக்கினார்கள். கன்னியப்பனே பெல்ட்டை மாட்டிவிட்டு இறங்கினான். விமானம் கண்ணுக்கு மறையும்வரை கையாட்டினான்.

"அப்பாடா! இனி மூட்டத்துக்குப் பயமில்ல மாஸ்டர். அடுத்த வாரம் ஜம்முனு போயி தாலி கட்டிடுவேன்."