பேச்சியம்மாளிடம் கேட்ட கேள்வி

நரம்பு வைத்தியர் தேவசகாயத்திடம் படித்தவள் மங்கையர்க்கரசி. இப்போது அவளுக்கே தலை நரைத்துவிட்டது. அவளும் பெரிய டாக்டர்தான். ஆனாலும் மனசுக்கு ஒன்று என்றால் அவரைத்தான் தேடி வருவாள்.

அவள் எடுத்துக்கொண்ட வேலை லேசானதல்ல. ஓடியாடிய பிள்ளை கொஞ்சம் கொஞ்சமாக நடை தள்ளாடி, பேச்சுக் குழறிப் படுக்கையில் விழுந்துவிடும். பரம்பரையாய் வருகிற, இன்னும் பேர்கூட வைக்காத நோய். இந்த ஊரில் ஒரு பிள்ளை, அந்த ஊரில் ஒரு பிள்ளை என்று அபூர்வமாகத்தான் இருக்கும். பல ஊர் ஆஸ்பத்திரிகளும் சேர்ந்து பார்த்தால்தான் எதனால் என்று பிடிபடும். அப்படிச் சேர்த்து நடத்துகிற பொறுப்பு அவளுடையது. எந்த ஊரானாலும் தாய்மாரை ஒரே மாதிரி கேட்க வேண்டும் என்று, கேள்விகளை அவளே தமிழில் எழுதிக் கொடுத்திருந்தாள்.

அன்றைக்குக் கோபமாக வந்தாள். தேவசகாயம் ஆஸ்பத்திரி கேன்டீனில் ஜெபம் பண்ணிவிட்டு அப்போதுதான் இட்லியில் கை வைத்தார்.

"சார், ஒரு குடும்பத்தை ஆராய்ச்சியிலிருந்து எடுத்துடலாம்னு இருக்கேன்."

"முதல்ல உட்காரும்மா. யாரை?"

"பேச்சியம்மாள்னு ஒருத்தி. அவ பொண்ணுக்கு நடை போயிட்டே இருக்கு. 'ரத்த உறவில் கல்யாணம் செய்தீர்களா'ன்னு கேட்டதுக்கு இல்லைன்னுட்டா. பரிசோதனையில பார்த்தா புருஷனும் பெண்டாட்டியும் நெருங்கின சொந்தம். வாய் கூசாம பொய் சொல்லியிருக்கா சார்."

"நீ விசாரிச்சியா?"

"நேத்து நானே அவங்க ஊர் ஆஸ்பத்திரிக்குப் போனேன். 'டாக்டர்கிட்டயே பொய் சொல்றீங்களே, நீங்கல்லாம் ஒரு தாயா'ன்னு கேட்டேன்."

"தனியாக் கூப்பிட்டா கேட்டே?"

"இல்ல சார், வார்டுல. மத்த தாய்மாரும் இருந்தாங்க."

"அவ என்ன சொன்னா?"

"'சூடம் அணைச்சுச் சத்தியம் பண்றேன் தாயி, அப்படி ஒரு கேவலம் எங்க குடும்பத்துல இல்ல'ன்னா. பக்கத்துக் கட்டில்காரி சிரிச்சுட்டா. உடனே அந்தப் பெரிய பிள்ளையைத் தூக்க முடியாமத் தூக்கிக்கிட்டு வெளிய போயிட்டா. இன்னைக்கு மருந்துக்கும் வரலையாம். போனா போகட்டும்."

தேவசகாயம் இட்லித் தட்டை ஓரமாகத் தள்ளி வைத்தார்.

"உங்க வீட்டுக்காரர் எப்படி இருக்கார்?"

இந்த நேரத்தில் இதென்ன கேள்வி என்று அவளுக்குத் தோன்றியது. "அத்தானுக்கென்ன, நல்லா இருக்காங்க."

"அத்தான்னு கல்யாணத்துக்கு அப்புறம் கூப்பிட ஆரம்பிச்சியா?"

"சின்னப் பிள்ளையிலேருந்தே அப்படித்தான். எங்க அத்தை மகன்தானே. உங்களுக்குத் தெரியாதா சார்?"

"அப்போ நீயும் ரத்த உறவுலதான் கட்டியிருக்கே."

"ஐயே, என்ன சார் நீங்க!" கோபத்துக்கு நடுவிலும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ரத்த உறவுன்னா கூடப் பிறந்தவங்க, சித்தப்பா பெரியப்பா பிள்ளைங்க. அண்ணன் தம்பியைப் போய் யாராவது கட்டுவாங்களா? அசிங்கம்! அத்தான் எனக்கு முறை மாப்..."

வாய் அப்படியே நின்றது.

கேன்டீனில் யாரோ காபி கேட்டார்கள். யாரோ கொண்டுபோய்க் கொடுத்தார்கள். மங்கையர்க்கரசி மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தாள். காது மடல் வரை சூடேறியது. ஊர்ப்பட்ட பெண்களுக்கு நடுவில், நோயாளிப் பிள்ளையை மடியில் வைத்திருந்த ஒருத்தியிடம், எதைக் கேட்டு, எதை ஒப்புக்கொள்ளச் சொல்லி மிரட்டினோம் என்று இப்போதுதான் புரிந்தது.

"அவளுக்கு அவ புருஷன் தாய்மாமனா இருக்கும் சார்."

"இருக்கும்."

"நான் அதைக் கேட்கவே இல்லையே சார்."

அவர் அவளுக்குத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார். அவள் குடிக்கவில்லை.

"அந்த வார்த்தை நான் எழுதிக் கொடுத்தது. எல்லா ஊர்லயும் தாய்மாரை இப்படித்தான் கேட்டிருப்பாங்க. கடவுளே! மாத்திடறேன் சார். அத்தை மகனா, மாமன் மகனா, தாய்மாமனான்னு கேட்கச் சொல்லி இன்னைக்கே எல்லா ஆஸ்பத்திரிக்கும் அனுப்பிடறேன்."

"அனுப்பு."

"அந்தக் குடும்பத்தையும் எடுக்க மாட்டேன்."

"நல்லது."

அவள் எழுந்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"பேச்சியம்மாள் வீட்டுக்கு அந்த ஊர் நர்ஸை அனுப்பி, பக்குவமா எடுத்துச் சொல்லிக் கூட்டிட்டு வரச் சொல்றேன் சார்."

தேவசகாயம் அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"பொய்க்காரின்னு சொல்றதுக்கு யாரும்மா போனது?"