கங்குத் தாத்தாவுக்கு ரெட்டைப் போர்வை

ஒரு ஊர்ல ஒரு டீ மாஸ்டர், பேரு சூசை. ஆனா இந்தக் கதை அவரு ஊர்ல நடக்கல கண்ணு, அவருக்குள்ள இருக்குற ஊர்ல நடக்குது. அவரு மண்டைக்குள்ள, கடுகை விடச் சின்னதா, கடுகை இடிச்சா வர்ற தூளை விடவும் சின்னதா ஒரு ஊரு. சின்னதுன்னாலும் அதுக்கு மதில் இருக்கு, வாசல் இருக்கு, தெரு இருக்கு. கேக்குறியா?

"ம்."

அந்த ஊருக்கு ஒரே வேலைதான். சூசை மாஸ்டர் டீ ஆத்தக் கைய ஒசத்துறாருல்ல, அப்போ நீட்டமான ஒரு தெரு வழியா "ஆடாத, ஆடாத, நிதானம்"னு சேதி அனுப்பணும். அக்கம்பக்கத்துல இதே வேலை பாக்குற ஊருக நெறைய. எல்லாம் சேந்து சேதி அனுப்புனா, டீ சர்ர்ர்ருன்னு ஒரே கோடா எறங்கும். சேதி அனுப்பச் சூடு வேணும்ல, அதுக்கு ஊர் முழுக்க அடுப்பு. அந்த அடுப்புக இருமும், கோவிச்சுக்கும், கதை பேசும்.

"அடுப்பு பேசுமா?"

அந்த ஊர்ல பேசும். நீ ம் மட்டும் கொட்டு.

"ம்."

அந்த ஊர்ல ஒடைஞ்சது, வளைஞ்சதுன்னு எதையும் வீணாக்க மாட்டாங்க. கோமுவக் கூப்பிடுவாங்க. கோமுதான் ஊருக்குப் போர்வைக்காரி. அவ போர்வைய விரிக்கிறப்போ வெத்தலை அளவுதான் இருக்கும். அப்புறம் ஓரம் வளரும், வளந்து கிண்ணமாக் குழியும், ஒடைஞ்ச பொருள அப்டியே உள்ள வாங்கி வாய மூடிக்கும். அது ரெட்டை மடிப்புப் போர்வை. அந்தப் பொதிய உருட்டிக்கிட்டுப் போய், எதையும் கரைக்கிற புளிப்புத் தண்ணி நெறைஞ்ச கொப்பரையில சேத்தா, வெளி மடிப்பு கொப்பரையோட ஒட்டிக்கும், உள் மடிப்பு பொருளோட உள்ள விழுந்துரும். ஒரு சொட்டுப் புளிப்பு தெருவுல சிந்தாது.

அப்புறம் கொப்பரை களக் களக்னு கரைச்சு, பாசிமணி மாதிரி வெளிய தள்ளும். அந்த மணியக் கோத்துத்தான் புதுசு செய்வாங்க. ஒடைஞ்ச சன்னல் மணியாகும், மணி கதவாகும். வெளிய இருந்து சாப்பாடு வராத நேரம், அந்த மணியத் தின்னே ஊரு பொழைச்சுக்கும்.

அடுப்பு விஷயத்துல மட்டும் ஒரு வழக்கம். கோமுவா போய் எந்த அடுப்பையும் போத்தக் கூடாது. இனி முடியலன்னு அடுப்புக்கே தெரியும். அப்போ அது தன் தலைக்கு மேல ஒரு செவப்புத் துணிய ஏத்தும். துணி ஏறுனா கோமு வரணும். அதான் முறை.

அந்த ஊர்லயே மூத்த அடுப்பு கங்குத் தாத்தா. கோமுவுக்கு அவருன்னா உசுரு. வேலை முடிச்சு அவரு பக்கத்துலதான் உக்காருவா. அவரு சொல்ற மொக்க ஜோக்குக்கெல்லாம் அவ ஒருத்திதான் சிரிப்பா.

ஒரு நாள் கங்குத் தாத்தா புஸ்ஸ்ஸுன்னு பொகைஞ்சாரு. சூடு வரல, பொகைதான் வந்துச்சு. அவரு செவப்புத் துணிய எடுத்துத் தலைக்கு மேல ஏத்துனாரு.

கோமு அத மொதல்ல பாத்துட்டா. யாரு கண்ணுலயும் படுறதுக்கு முன்னாடி ஓடிப்போய்ச் சட்டுனு உருவி மடியில சொருகிக்கிட்டா.

"ஏ புள்ள, துணியக் குடு."

"எந்தத் துணி?"

"மடியில ஒளிச்சியே, அது."

"அது என் முந்தி, தாத்தா."

"செவப்பு முந்தி எப்போ எடுத்த?"

"உங்களுக்குப் பொகையில கண்ணு சரியாத் தெரியல. சும்மா இருங்க."

அன்னைக்கு டீக்கடையில சொட்டுனு ஒரு துளி பெஞ்சுல விழுந்துச்சு. சூசை மாஸ்டர் துண்டால தொடைச்சுட்டாரு. அவ்ளோதான். ம்?

"ம்."

அப்புறம் ரெண்டாவது தடவை. இப்போ பொகையோட பொறியும் சேந்துக்கிச்சு, பட் பட் படார்னு. பக்கத்து வீடுகள இழுத்துக் கட்டியிருந்த கயிறெல்லாம் கருகிச் சிக்குச் சிக்கா முடிச்சு விழுந்துச்சு. ஒரு முடிச்சப் பிரிக்கப் போனா ரெண்டு கூடுச்சு. தாத்தா வேற துணிய ஏத்துனாரு. அதையும் கோமு உருவுனா.

"கிறுக்கச்சி, நான் எரியல, ஊர எரிக்கிறேன். தெரியுதா?"

"ரெண்டு நாள் படுத்தா சரியாயிரும் தாத்தா."

"அடுப்பு எங்கடி படுக்கும்?"

கோமு அந்தத் துணியையும் மடியில சொருகிக்கிட்டா. அன்னைக்கு டீ கிளாஸுல பாதி, பெஞ்சுல பாதி. ஒரு பஸ் டிரைவர் பேன்ட்ட உதறிக்கிட்டே, "என்ன மாஸ்டர், டீ கேட்டா எனக்கு அபிஷேகம் பண்றீங்க"ன்னாரு. எல்லாரும் சிரிச்சாங்க. சூசை மாஸ்டரும் சிரிச்சாரு. ஆனா அந்தக் கைய அக்குளுக்குள்ள சொருகிக்கிட்டாரு.

மூணாவது தடவை தாத்தாவால துணிய ஏத்தவே முடியல. பாதி ஏத்தி மூச்சு வாங்குனாரு. கோமு அதைப் புடிச்சு இழுக்கப் போனா. அப்போ பாத்து தெரு முனையில ஆளுக கத்துனாங்க, "பக்கத்து ஊரு அணைஞ்சு போச்சு"ன்னு.

கோமு மதில் ஏறிப் பாத்தா. பக்கத்து ஊர்ல ஒரு வெளிச்சம் இல்ல. தெருவெல்லாம் முடிச்சு முடிச்சாக் கெடக்கு. போத்தாம விட்ட அடுப்புக வரிசையா, கரிக்கட்டையா நிக்குது. அந்த மாதிரி ஊரு ஒரு தடவை அணைஞ்சா அணைஞ்சதுதான் கண்ணு, திரும்ப எரியாது. அங்கயும் ஒரு போர்வைக்காரி இருந்திருப்பா. அவ என்ன நெனச்சு விட்டாளோ.

அதே நேரம் கடையில கிளாஸே கைய விட்டு நழுவி டமால்னு ஒடைஞ்சுச்சு. சூசை மாஸ்டர் மொதலாளிகிட்ட போய், "நாளையில இருந்து வேற ஆளப் போட்டுக்கோங்க. நான் வடைக்கு மாவு ஆட்டுறேன்"னாரு. முப்பது வருசம் டீ ஆத்துன கை. தூங்கிட்டியா?

"இல்ல. அவரு பாவம்."

பாவம்தான்.

கோமு மதில விட்டு எறங்கி வந்தா. தாத்தா முன்னாடி உக்காந்து மடியில இருந்த துணிய எடுத்தா. கை வரல அவளுக்கு.

"தாத்தா, உங்களக் கரைச்சுட்டு நான் யாருகிட்டப் பேசுவேன்?"

"யாரும் இல்லன்னா கொப்பரைகிட்டப் பேசு. அதுக்கும் புளிச்ச பேச்சுதான் வரும்."

அவளுக்குச் சிரிப்பும் வந்துச்சு, அழுகையும் வந்துச்சு. தாத்தா மெதுவாச் சொன்னாரு: "நான் போனா அழ நீ இருக்க கோமு. ஊரே போச்சுன்னா அழ ஆரு இருப்பா?"

அப்போ கோமு அந்தச் செவப்புத் துணிய, அவரு எட்டாத எடத்துல, அவ கையாலேயே ஏத்திவிட்டா. அப்புறம் போர்வைய விரிச்சா. வெத்தலை அளவு. வாழை எல அளவு. கிண்ணமாக் குழிஞ்சு அவரச் சுத்தி எழும்புச்சு.

"ஏ புள்ள, காலு வெளிய கெடக்கு."

"வளந்துக்கிட்டு இருக்கு, இருங்க."

"முதுகுல காத்து அடிக்குது."

"போற எடத்துல காத்தே கெடையாது. செத்த பேசாம இருங்க தாத்தா."

"நல்ல போர்வைடி"ன்னாரு. போர்வை வாய மூடிக்கிச்சு.

கோமு பொதிய உருட்டுனா. தத்தக்கா பித்தக்கா, தத்தக்கா பித்தக்கா, தெருவெல்லாம் கூடவே வந்துச்சு. கொப்பரை பொளக்னு வாங்கிக்கிச்சு. களக் களக். களக். கோமு அங்கயே உக்காந்திருந்தா. மணி வர ஆரம்பிச்சுது, ஒண்ணு ஒண்ணா, பளபளன்னு. அவ அள்ளி அள்ளி ஊருக்கெல்லாம் குடுத்தா. அப்புறம் அவளும் ஊர்க்காரங்களுமா சேந்து அந்தக் கயித்து முடிச்சுகளையும் பொதி பொதியாக் கட்டிக் கொண்டுபோய்ச் சேத்தாங்க. பொகை வடிஞ்சுது. தெரு தெரிஞ்சுது. பக்கத்து ஊரு பாக்க வேண்டிய வேலையையும் சேத்து இவங்களே பாத்தாங்க. "ஆடாத, ஆடாத, நிதானம்." சேதி கணீர்னு போச்சு.

சூசை மாஸ்டர் மாவு ஆட்டிக்கிட்டு இருந்தவரு, கைய நீட்டிப் பாத்தாரு. திருப்பிப் பாத்தாரு. எந்திரிச்சுப் போய் டீ பாய்லர் முன்னாடி நின்னாரு. மொதலாளி புதுசா வந்த ஆள மாவு ஆட்ட அனுப்பிட்டாரு. ம்?

"...ம்."

அப்புறம் செல்லின்னு ஒரு அடுப்பு இருந்துச்சு. அது அந்த மணியெல்லாம் தின்னு தின்னு உப்புச்சு. உப்பி உப்பி, புளுக்னு ரெண்டாப் பிரிஞ்சுது. பிரிஞ்சு வந்தது குட்டி அடுப்பு. ஒரு இருமல், ஒரு தும்மல், அப்புறம் குப்புனு பத்திக்கிச்சு. கங்குத் தாத்தா இருந்த எடத்துலயே போய் உக்காந்துக்கிச்சு.

கோமு குனிஞ்சு பாத்தா.

"என்னத் தெரியுதா?"

"தெரியல. தெரியணுமா?"

"வேண்டாம்."

"எனக்கு என்ன வேலை?"

"எரியணும்."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

"பூ, இதென்ன பெரிய வேலை"ன்னு சொல்லிட்டு அது பாட்டுக்கு எரிஞ்சுது. கோமு சிரிச்சா. அது பக்கத்துல உக்காந்து, அடுத்த போர்வைக்கு ஓரம் அடிக்க ஆரம்பிச்சா.

கங்குத் தாத்தாவும் கரைஞ்சாச்சு, கதையும் கரைஞ்சாச்சு. உனக்குள்ள இருக்குற கோமு எல்லாம் இனிமே வேலையப் பாக்கட்டும். நீ கண்ண மூடு.