இடமிருந்து மூன்றாவது நாற்காலி

கூடைப்பந்தில் மாற்று வீராங்கனைகள் உட்காரும் இடத்தைப் பெஞ்சு என்கிறார்கள். இது பிழை. சர்வதேசப் போட்டிகளில் அங்கே தனித்தனி நாற்காலிகள்தான் உண்டு. உலகம் முழுக்கப் பரவிவிட்ட இந்தத் தவறைக் கண்டிக்க இதுவரை யாரும் முன்வராதது வருத்தத்துக்குரியது.

அந்த நாற்காலிகளில் இடமிருந்து மூன்றாவதில், இந்திய மகளிர் அணியின் கேப்டன் இன்பராணி நான்கு ஆட்டங்களாக உட்கார்ந்திருந்தாள்.

நான்கிலும் இந்தியா வென்றிருந்தது.

அவளுக்கு முப்பத்தைந்து வயது. பதினாறு ஆண்டுகள் நாட்டுக்காக ஆடியும், ஆசிய இறுதிப் போட்டியைத் தொலைக்காட்சியில் மட்டுமே பார்த்தவள். இதுதான் கடைசித் தொடர். இறுதிப் போட்டியில் முடிவு விசில் ஊதும்போது களத்துக்குள் நிற்க வேண்டும். அவ்வளவுதான் ஆசை.

பயிற்சியாளர் தாமரை அவளைவிட நான்கு வயது சிறியவள். ஒருகாலத்தில் இன்பராணியின் ஷூ பையைச் சுமந்தவள். மற்றவர்கள் முன்னால் இன்பராணி அவளை மேடம் என்பாள்.

இறுதிப் போட்டியன்று காலை மற்றவர்கள் யாரும் இல்லை.

“என்னை எப்போ இறக்குவே, தாமரை?”

தாமரை ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

“எப்போன்னு நீயே சொல்லுக்கா. அனுப்புறேன்.”

“கிண்டலா?”

“பையைத் தூக்குன்னு நீ சொன்னப்போ, கிண்டலான்னு நான் கேட்டேனா?”

சும்மா உட்கார்ந்திருக்க இன்பராணிக்குத் தெரியாது. எதிராளியைத் துரத்தும் நம் பெண்ணுக்குப் பின்பக்கமாக எதிரணிக்காரி ஒருத்தி வந்து சுவர்போல் நிற்பாள். அதைப் பார்க்கும்போதெல்லாம் இன்பராணி எரிச்சலில் “பின்னாடி” என்று கத்துவாள்.

துரத்துகிறவள் பிலாயிலிருந்து வந்த டிகேஷ்வரி. அவளுக்குத் தமிழ் தெரியாது. அந்த அணியில் தமிழ் தெரிந்தவர்கள் இரண்டே பேர். அதில் ஒருத்தி பயிற்சியாளர்.

மாலை ஆட்டத்தில் இரண்டு நிமிடம் பாக்கி. இந்தியா மூன்று புள்ளி முன்னால் இருந்தது.

“இப்போ,” என்றாள் இன்பராணி.

தாமரை உடனே அனுப்பினாள்.

மரத்தரை காலுக்கடியில் வழவழவென்றிருந்தது. பழைய ஆட்டங்களின் முழங்கால் வலிகூட அவளுக்கு நினைவில்லை.

எதிரணியின் ஆறடிப் பெண் ஒருத்தி டிகேஷ்வரிக்குப் பின்னால் வந்து நின்றாள். இன்பராணி அப்போது தன் எதிராளியோடு ஓடிக்கொண்டிருந்தாள். முட்டிய சத்தம் கேட்டுத்தான் திரும்பினாள். பந்து மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியிலிருந்து போய்க் கூடையில் விழுந்தது.

சமம்.

கீழே விழுந்த டிகேஷ்வரி எழுந்தாள். தன்னை மறித்தவளைப் பார்க்கவில்லை. ஸ்கோரையும் பார்க்கவில்லை. இடமிருந்து மூன்றாவது நாற்காலியைப் பார்த்தாள்.

அது காலியாக இருந்தது.

இன்பராணியும் பார்த்தாள்.

கடிகாரம் நின்றிருந்தது. ஒரு நிமிடம் ஏழு வினாடி பாக்கி. அவள் தாமரையின் பக்கம் திரும்பி, தன் நெஞ்சைத் தொட்டு, நாற்காலியைக் காட்டினாள். தாமரை எதுவும் கேட்காமல் வேறொருத்தியை அனுப்பினாள்.

மிச்சமிருந்த நேரத்தில் இன்பராணி மூன்று முறை “பின்னாடி” என்று கத்தினாள். அரங்கின் மறுமுனையில், மூன்று முறையும், டிகேஷ்வரி திரும்பிப் பார்க்காமலே விலகி ஓடினாள்.

இந்தியா இரண்டு புள்ளியில் வென்றது. விசில் ஊதியபோது இன்பராணி உட்கார்ந்திருந்தாள். ஆட்டம் முடியும்வரை மாற்று வீராங்கனைகள் எழுந்து நிற்கக் கூடாது என்பது விதி.

மற்ற பதினொரு பேரும் களத்துக்குள் ஓடிவிட்டார்கள்.

“உனக்கு முன்னாடியே தெரியுமா?” என்று இன்பராணி கேட்டாள். குரல் கிட்டத்தட்டப் போய்விட்டிருந்தது.

“தெரியாதுக்கா,” என்றாள் தாமரை. “நீ உள்ளே நிக்கணும்னு எனக்கும் ஆசைதான்.”



இப்போது டிகேஷ்வரி விடுமுறை நாட்களில் பிலாயில் ஒரு பள்ளி மைதானத்தில் பயிற்சி தருகிறாள். அங்கே பதினான்கு சிறுமிகள் “பின்னாடி, பின்னாடி” என்று கத்துகிறார்கள். வேலிக்கு வெளியே காத்திருக்கும் பெற்றோர்கள் அதை ஆங்கிலம் என்று நினைக்கிறார்கள்.