மூடிய இலக்கணப் புத்தகம்

ஆங்கிலப் பேராசிரியர் அருளப்பனுக்கு யார் என்ன சொன்னாலும் தப்புதான். கொண்டுவந்த இலக்கணப் புத்தகத்தின் மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டே தீர்ப்புச் சொல்வார்.

"எப்போது நடந்தது என்று காட்டுகிற துணைவாக்கியம் வைத்து, நான் தப்பே சொல்ல முடியாத வாக்கியம் ஒன்று சொல்லு. இல்லையென்றால் ஹால்டிக்கெட்டில் கையெழுத்து கிடையாது" என்றார், கடைசி பெஞ்சு செண்பகவல்லியிடம்.

"போன வாரம் நான் சொன்ன வாக்கியத்தில் என்ன சார் தப்பு?"

"எதிர்த்துப் பேசாதே!"

அவள் நிதானமாக ஆங்கிலத்தில் சொன்னாள்: "எங்கள் சார், 'தப்பு' என்று சொல்லும்போது புத்தகத்தைத் திறப்பதில்லை."

"தப்பு!" என்றார், பழக்கதோஷத்தில்.

வகுப்பே அவர் முழங்கையைப் பார்த்தது. புத்தகம் மூடியே கிடந்தது.

"எந்தப் பக்கத்தில் சார் இருக்கு? காட்டுங்களேன்."

முதன்முறையாகப் புத்தகத்தைத் திறந்தார். மணி அடிக்கும்வரை தேடினார். அடித்ததும் கையெழுத்துப் போட்டார்.