தண்ணீர் நிற்காத இடம்

“சாமி படத்தையெல்லாம் பொறுக்கிக் கொண்டுபோய் ஆத்துல விட்டீங்கல்ல? இப்ப அம்மன் வாயைத் திறந்துட்டா. நின்னு வேடிக்கை பாருங்க.”

பத்மாசனி சொன்னது அட்சரம் பிசகாமல் இதுதான். சொல்லிவிட்டு, கற்பகம் நகர்ச் சங்கத்து அறையில், தீர்ப்பு வாசித்து முடித்தவளைப் போல நாற்காலியில் சாய்ந்துகொண்டாள்.

சங்கச் செயலாளர் செண்பகவல்லி வாயைத் திறக்கவில்லை. சும்மா இருக்கிற ரகமில்லை அவள். அவள் வாய்க்குப் பயந்துதான் அந்தத் தெருவே குப்பையைத் தொட்டிக்குள் போடுகிறது. ஆனால் இப்போதுதான் எதிரே இருக்கும் பூங்காவிலிருந்து, கேட்டைக்கூடச் சாத்தாமல், ஓடி வந்திருந்தாள். வேப்பமரத்தருகே புதிதாக நட்ட ஊஞ்சலின் ஒரு கால், யாரும் ஆடாமலே, ஒரு சாண் கீழே இறங்கியிருந்தது. காலைச் சுற்றி விரிசல். அதில் ஒரு கல்லைத் தள்ளிப் பார்த்தாள். கல் விழுந்த சத்தம் உடனே வரவில்லை.

கொஞ்சம் பின்னால் போனால்தான் இது விளங்கும்.

பூங்கா என்று பெயர்தான். உள்ளே ஆளுயரத்துக்குச் சீமைக் கருவேலம், முதுகு உடைந்த பெஞ்சு, காலி பாட்டில். வேப்பமரத்தடியில் சாமிகள்: கண்ணாடி கீறின லட்சுமி, தும்பிக்கை போன பிள்ளையார், காலண்டர் முருகன். வீட்டில் வைத்துக்கொள்ளவும் மனமில்லை, குப்பையில் போடவும் கை வரவில்லை என்றால், நம் ஜனங்கள் மரத்தடியில் விட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டு போய்விடுவார்கள். அதில் அதிசயம் ஒன்றுமில்லை. மற்ற இடங்களில் இந்த மாதிரிப் படங்கள் மரத்தை ஒட்டிச் சாய்ந்திருக்கும். இங்கே மரத்தைவிட்டுத் தள்ளி, வெறும் தரையைச் சுற்றி வட்டமாக நின்றன. அதுதான் அதிசயம். வட்டத்துக்குள் பந்து விழுந்தால்கூடப் பிள்ளைகள் குச்சியால்தான் இழுத்தார்கள்.

செண்பகவல்லி பொறுப்புக்கு வந்ததும் மாநகராட்சியை நச்சரித்துக் கருவேலத்தை வெட்டவைத்தாள், விளக்குப் போடவைத்தாள். சாமிகளைத் தொடத்தான் ஆளில்லை. ஓய்வுபெற்ற தலைமை எழுத்தர் வைத்தியலிங்கம் முன்வந்தார். நிதானமான மனிதர். பூங்காவை ஒட்டிய வீட்டுப் பத்மாசனிதான் அங்கே தினமும் கற்பூரம் காட்டுகிறவள் என்பதால், அவளிடமே கேட்டார்.

“ஏம்மா, இப்படி வட்டம் கட்டினது யாரு?”

“நான்தான். அம்மன் இறங்கின இடம். மிதிச்சா ரத்தம் கக்கும்.”

“கக்கட்டும். வேற காரணம் ஏதாவது உண்டா?”

அவள் தன் வீட்டுப் பக்கம் ஒருதரம் திரும்பிப் பார்த்தாள். “இல்ல,” என்றாள்.

வைத்தியலிங்கம் ஒவ்வொரு படத்தையும் துடைத்துப் பொட்டு வைத்து, கொள்ளிடத்தில் விட்டுக் கும்பிட்டுவிட்டு வந்தார்.

பிறகு மழை. பூங்கா முழுக்கச் சொதசொதவென்று சேறு. அந்த வட்டம் மட்டும் காய்ந்து கிடந்தது. நாலா பக்கத்துத் தண்ணீரும் அங்கே ஓடிவந்து காணாமல் போயிற்று. “பிள்ளைங்க கால்ல சேறு ஒட்டாது,” என்று செண்பகவல்லி ஊஞ்சலை அங்கேயே நடச் சொன்னாள். நல்ல யோசனை என்று மெச்சாதவர் இல்லை.

இப்போது சங்கத்து அறையில், வைத்தியலிங்கம் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “வாயைத் திறந்தது அம்மன் இல்லம்மா. கீழ என்ன இருக்கு?”

“கிணறு,” என்றாள் பத்மாசனி. “எங்க மாமனார் வீடு கட்டினப்ப இடிசல், மரக்கிளை, கிழிஞ்ச மெத்தைன்னு போட்டுத் தூர்த்துட்டார். அதெல்லாம் மக்கி இறங்குது.”

“இதை மாநகராட்சி ஆபீஸ்ல போய்ச் சொல்றதுக்கு என்ன?”

“சொன்னேன். பள்ளம்னு சொன்னேன். கிணறுன்னா யார் தூர்த்ததுன்னு கேப்பாங்கல்ல? கயிறு கட்டினாங்க, கயிறு எவ வீட்டிலயோ துணி காயப்போடற கொடியாயிடுச்சு. தகரம் வெச்சாங்க, கோழிக்கூண்டு ஆயிடுச்சு. சாமியை மட்டும் ஒருத்தரும் தூக்கல. இவர் வர்ற வரைக்கும்.”

“நான் முகத்துக்கு நேரா கேட்டேனேம்மா.”

“செத்தவர் பேரை நான் ஏன் சந்தி சிரிக்க வைக்கணும்?”

செண்பகவல்லிக்கு அப்போதுதான் வாய் வந்தது. “ஊஞ்சலுக்குக் குழி தோண்டினப்ப உங்க ஜன்னல் திறந்துதானே இருந்துது?”

“நல்ல இடம்னு நட்டது யாரு, நானா?”

பேச்சு நின்றபாடில்லை. பள்ளிக்கூட வேன் தெருமுனையில் பிள்ளைகளை இறக்கிவிட்டு, ஹாரன் அடித்துக்கொண்டு போனதுகூட அங்கே யார் காதிலும் ஏறவில்லை.

கேட்டுக்கொண்டிருக்கிற புத்திசாலிகளே, நீங்களே சொல்லுங்கள். பொய் சொல்லி இத்தனை காலம் காத்தவள் ஒருத்தி. நேர்மையாகக் கேட்டு, கிடைத்த பதிலை நம்பி வேலியை எடுத்தவர் ஒருவர். கண்ணெதிரே கண்டதை வைத்து நல்லது செய்யப் போனவள் ஒருத்தி. இதில் யார் செய்தது சரி?

விடை: “இல்ல” என்ற அந்த ஒரு சொல்லைச் சொல்லும்வரை பத்மாசனி செய்ததுதான் சரி, சாமி சாக்காக இருந்தாலும் வேலி வேலிதான். அதற்கப்புறம் ஒருவரும் இல்லை. வைத்தியலிங்கம் படத்தைத் துடைத்தாரே ஒழிய, அது காத்த தரையைத் தட்டிப் பார்க்கவில்லை. போன தண்ணீர் எங்கே போயிற்று என்று செண்பகவல்லி கேட்கவில்லை. இதெல்லாம் பழைய கணக்கு. பூங்கா கேட் இன்னும் திறந்தே கிடக்கிறது. குற்றம் யார்மேல் என்று மூன்று பேரும் உள்ளே உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

எதிரே ஊஞ்சல் சங்கிலி கிறீச்சிட்டது. அறைக்குள் பேச்சு நின்றது. சங்கிலிச் சத்தமும் நின்றது.

செண்பகவல்லி ஓடினாள். ஊஞ்சல் ஒருபக்கமாகச் சரிந்து கிடந்தது. வேப்பங்கிளையில் ஒரு தண்ணீர் பாட்டில், வாரோடு மாட்டியபடி இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. மண்ணில் மண்டியிட்டு, அகன்றுபோன விரிசலுக்குள் குனிந்தாள்.

“யாரும்மா உள்ள? ஒரே ஒரு குரல் குடு கண்ணு.”

பாட்டில் ஆட்டம் நின்றது.