பளிங்கி தேடிப் போன இருட்டு

ஆலமங்கலம் ஏரியில் பளிங்கி என்றொரு நீர்த்தெள்ளு இருந்தது. கடுகில் பாதிகூடத் தேறாத உடம்பு. அதுவும் கண்ணாடி மாதிரி! காலையில் என்ன தின்றது, முதுகுப் பைக்குள் குஞ்சுகள் எப்படி நெளிகின்றன, எல்லாமே வெளியே தெரியும். வாய் மட்டும் அந்த ஏரிக்கே பெரிய வாய்.

நீர்த்தெள்ளுகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. விடிந்ததும் ஏரியின் அடிக்குப் போய்விடும். அங்கே கும்மிருட்டு. மீன்களின் கண்ணில் படாமல் பகலைக் கழிக்கலாம். பொழுது சாய்ந்ததும் மேலே வந்து பச்சைப் பாசியை வயிறாரத் தின்னும்.

அந்த வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. வயலுக்காக மதகைத் திறந்தார்கள். ஏரி வற்றி வற்றி முழங்கால் அளவுத் தண்ணீர்தான் மிஞ்சியது. வெயில் அடித்தரை வரைக்கும் பளீரென்று இறங்கியது.

பளிங்கி அதையெல்லாம் கவனிக்கவே இல்லை. அன்றும் விடிந்ததும், "கடவுளே, என் பிள்ளைகள் நல்லபடியாப் பிறக்கணும்" என்று வேண்டிக்கொண்டு, அடியில் போய் உட்கார்ந்தது.

முதுகுப் பைக்குள்ளிருந்து ஒரு குஞ்சு கத்தியது. "அம்மா! வெளிச்சம் கண்ணைக் கூசுது!"

"இது ஏரியோட அடிடா. அடியில இருட்டாத்தான் இருக்கும்."

"இருட்டா இல்லையேம்மா!"

"கண்ணை மூடிக்கோ. இருட்டாயிடும்!"

பக்கத்து வீட்டுச் சுழலி பதறிக்கொண்டு வந்தது. அது ஒரு சக்கரப்பூச்சி. பளிங்கியைவிடப் பொடிசு.

"பளிங்கியக்கா! இங்கே உக்காராதீங்க! எருமை குளிக்கிற துறைப் பக்கம் வாங்க. அங்க தண்ணி கலங்கிக் கிடக்கு. உள்ளே போயிட்டா ஒரு மீனுக்கும் தெரியாது!"

"எருமை புரளுற சேத்துக்கா? நான் தண்ணியை வடிகட்டித் தின்னுறவடி! தொண்டையில சேறு அடைச்சுக்காதா? எங்க அம்மா, அவங்க அம்மா எல்லாருமே அடியிலதான் பகலைக் கழிச்சாங்க."

"அப்போ அவங்க தலைக்கு மேல பனைமர உசரத்துக்குத் தண்ணி இருந்துச்சுக்கா!"

"வழக்கம்னா வழக்கம்தான். நீ உன் வேலையைப் பாரு!"

சுழலி பெருமூச்சு விட்டுத் துறைப் பக்கம் போனது.

கொஞ்ச நேரத்தில் ஒரு கெண்டை வந்தது. ஏரி சுருங்கியதால் மீன்களுக்குள் இரைக்கு அடிதடி. அதற்கு நல்ல பசி.

பளிங்கி அதன் முகத்தை நேராகப் பார்த்து, "பகல்ல நாங்க யார் கண்ணுக்கும் தெரிய மாட்டோம். வந்த வழியே போங்க!" என்றது.

கெண்டைக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அடக்கிக்கொண்டது.

"ஆமாம்மா! என்ன இருட்டு, என்ன இருட்டு! என் மூக்கே எனக்குத் தெரியலையே! யாரும்மா பேசறது?"

"கேட்டீங்களாடா?" என்று பளிங்கி குஞ்சுகளிடம் பெருமையடித்தது.

"அம்மா, அது உன்னையே பாத்து வாயைச் சப்புக் கொட்டுது!"

"பாவம், தாகமா இருக்கும்."

கெண்டை குரலைக் குழைத்தது. "நானும் பிள்ளைகுட்டிக்காரன்தான்மா. இருட்டுல வழி தெரியாம தவிக்கிறேன். கொஞ்சம் கிட்ட வந்து வழி காட்டினா உங்களுக்குப் புண்ணியம்."

பளிங்கியின் மனசு இளகிவிட்டது. தத்தித் தத்திக் கிட்டே போனது. "இப்படி வாங்க. கொஞ்சம் இடது பக்கம்... அய்யோ, எதிர்ல என்ன இது, குகை மாதிரி?"

"எங்க வீட்டு வாசல்தான்மா. உள்ள வாங்க!"

"அம்மா, அது வாசல் இல்ல! வாய்! நம்மளை உள்ளே இழுக்குது!" என்று எல்லாக் குஞ்சுகளும் அலறின.

பளிங்கி நிமிர்ந்து பார்த்தது. கெண்டையின் செதில் ஒவ்வொன்றும் வெயிலில் மின்னியது. "எனக்கு அது இவ்வளவு நல்லாத் தெரியுதே! அப்படின்னா அதுக்கு நான்...?"

அவ்வளவுதான். கைகளை வீசித் துறைப் பக்கம் ஒரே பாய்ச்சல்! கெண்டையும் விடாமல் துரத்தியது. துறையில் எருமைகள் சேற்றைக் கலக்கிக்கொண்டிருந்தன.

"இங்கே, இங்கே! உள்ளே வாங்க பளிங்கியக்கா!" என்று சுழலி கத்தியது.

பளிங்கி ஒரு நொடி தயங்கியது. "சேறுடி..."

"போம்மா!" என்று குஞ்சுகள் முதுகில் உதைத்தன. கண்ணை மூடிக்கொண்டு உள்ளே பாய்ந்தது.

பின்னாலேயே வந்த கெண்டை திருதிருவென்று விழித்தது. "பளிங்கியம்மா! இப்போ நெசமாவே ஒண்ணும் தெரியலை! எங்கேம்மா இருக்கீங்க?"

கேட்டதற்குப் பதில் சொல்லாமல் இருந்து பளிங்கிக்குப் பழக்கமே இல்லை. "இதோ, இங்கே..." என்று வாயைத் திறந்தது.

"அம்மா, பேசாதே!" என்று குஞ்சுகள் கிசுகிசுத்தன.

பளிங்கி பிறந்ததிலிருந்து முதல் தடவையாக வாயை மூடிக்கொண்டது. கெண்டை எருமைக் காலில் முட்டிக்கொண்டு திரும்பிப் போனது.

சேற்றுத் தண்ணீரில் பளிங்கி இருமியது, தும்மியது, பாதியாக இளைத்தும் போனது. ஆனால் பிள்ளைகள் எல்லாம் ஒரு குறையும் இல்லாமல் அங்கேதான் பிறந்தன. "சேத்தையும் நீதானே சாமி குடுத்தே!" என்று அது கைகூப்பியது.

ஒரு காலத்தில் நம்மைக் காப்பாற்றிய வழக்கமே ஆனாலும், காலம் மாறும்போது கண்ணைத் திறந்து பார்த்து அதை மாற்றிக்கொள்கிறவரே பிழைப்பார்.